யார் வாயால் சொல்வது?

தாய்வழி வந்த நகையை வேண்டாமென்று சொல்லிவிடலாம், நிலத்தையும் மறுத்துவிடலாம். உடம்போடு வரும் சொத்தை அப்படித் தள்ள முடிவதில்லை. 1994-இல் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ.1 என்னும் மரபணு பழுதுபட்டிருந்தால், பெண்ணுக்கு மார்பகத்திலும் சூலகத்திலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி. பெற்றோரில் ஒருவரிடம் அந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்துசேரச் சரிபாதி வாய்ப்பு.

அமெரிக்காவில், யூட்டாவிலும் நியூயார்க்கிலும், இத்தகைய குடும்பத்தினருக்குப் பரிசோதனையைப் பற்றி விளக்கும் வேலையைச் 'சாட்பாட்' என்னும் உரையாடும் இயந்திரத்திடம் ஒப்படைத்துப் பார்த்தார்கள். ஆலோசகர் வழியும் இயந்திர வழியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன என்று 2024-இல் முடிவு வெளியாயிற்று.

இதில் வியப்பென்ன? நள்ளிரவில் கேட்டாலும் இயந்திரம் பதில் சொல்லும். கேட்டதையே பத்து முறை கேட்கலாம். அதனிடம் கூச்சமும் வேண்டியதில்லை.

ஆனால், விளக்குவது வேறு, பொறுப்பேற்பது வேறு. ஒருத்திக்குப் பழுது உண்டென்று தெரிந்துவிட்டால், அந்தச் செய்தியில் அவள் தங்கைக்கும் பங்கு உண்டு. தெரிந்தால் தன்னைக் காத்துக்கொள்ள அவளுக்கு வழி பிறக்கும். தெரியாமலே இருந்துவிடவும் அவளுக்கு உரிமை உண்டு. ஆகவே, "ஒரு விஷயம் இருக்கிறது, சொல்லட்டுமா?" என்று முதலில் கேட்க வேண்டும். கடிதத்தை இயந்திரமே எழுதித் தரலாம். அதைப் படித்துவிட்டு, "ஏன் இத்தனை நாள் மறைத்தாய்?" என்று தங்கை கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் அக்காள்தான். அந்தக் கேள்விக்கு அஞ்சி மௌனமாக இருப்பதை அன்பென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.