வெள்ளை அங்கியும் ஒரு வேதமா?

"பூசாரி சொன்னார், செய்தோம்" என்று ஒருவர் கூறினால் நாம் நகைக்கிறோம். "மருத்துவர் சொன்னார், செய்தோம்" என்றாலோ வாய்மூடி நிற்கிறோம். கேள்வி கேட்கும் துணிவைக் கோயில் வாசலில் காட்டிவிட்டு, மருத்துவமனை வாசலில் கழற்றி வைப்பது பகுத்தறிவாகுமா?

சிறுவர்க்குச் செய்யப்படும் முன்தோல் அறுவையின் வரலாறு இந்தக் கேள்வியை எழுப்புகிறது. யூதரும் இசுலாமியரும் சமயக் கடனாகச் செய்வது தனி வழக்கு. அதனை இங்கே நாம் எடுக்கவில்லை. மருத்துவத்தின் பெயரால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், நோயற்ற மழலைகள்மீது பாய்ந்த கத்தியைப் பற்றியே பேசுகிறோம்.

1870இல் நியூயார்க் நகரத்து அறுவை மருத்துவர் லூயிஸ் சேயர், கால்களை நீட்டமுடியாதிருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முன்தோலை அகற்றினார். சிறுவன் தேறினான். போதாதா? முடக்கத்துக்கும் வலிப்புக்கும் இதுவே மருந்தென்ற பேச்சு பரவிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கைக்குக் கோயில் எழுப்பிவிட்டனர்! சோள அவலால் பெயர்பெற்ற மருத்துவர் கெல்லாக்கோ, சிறுவரின் கைப்பழக்கத்தை ஒழிக்க, மயக்கமருந்தின்றியே அறுக்கச் சொன்னார். வலி தண்டனையாக நெஞ்சில் பதியவேண்டுமாம். நரகத்தைக் காட்டி மிரட்டிய புரோகிதருக்கும் இவருக்கும் உடையன்றி வேறென்ன வேற்றுமை?

இங்கிலாந்திலும் வழக்கம் வேரூன்றிற்று. செல்வர் இல்லங்களில் மிகுதி. 1949இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் எளிய செயலொன்று செய்தார். எண்ணிப் பார்த்தார்! பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 4 பேருக்கே முன்தோல் பின்னே நகர்கிறது. மூன்று வயதிலோ 90 பேருக்கு நகர்கிறது. நோயென்று அறுக்கப்பட்டது, பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு படி! அந்த அறுவையாலோ ஆண்டுக்குச் சுமார் 16 குழந்தைகள் மாண்டுகொண்டிருந்தனர். பதினாறு தொட்டில்கள், தேவையற்ற ஒரு வழக்கத்துக்காக! பின்னர் பிரிட்டனில் அவ்வழக்கம் அருகியது.

அறுவையே தீதென்று நாம் சொல்லவில்லை. தழும்பேறி இறுகிய தோலுக்குக் கத்தி தேவைப்படுவதுண்டு. களிம்பிலேயே தீர்வனவும் உண்டு. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா நாடுகளில் நடந்து 2005இலும் 2007இலும் வெளிவந்த ஆய்வுகள், இவ்வறுவை ஆண்களுக்குப் பெண்வழி எய்ட்சு கிருமி தொற்றும் வாய்ப்பைப் பாதிக்குமேல் குறைத்ததைக் காட்டின. உண்மையை ஏற்கிறோம். ஆயின் அந்த ஆண்கள் விவரமறிந்து, தாமே முன்வந்தவர்கள். தொட்டிலில் கிடப்பவன் எதற்கு ஒப்பினான்?

"அம்மை ஊசியை மட்டும் குழந்தையைக் கேட்டா போடுகிறீர்?" என்பர். நல்ல கேள்வி. அம்மை, பிள்ளை வளரட்டுமென்று காத்திருப்பதில்லை. அவனைத் தாக்கி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் பாய்கிறது. உடலுறவால் வரும் நோயோ, அவன் ஆளாகும்வரை அவனை அணுகாது. அதற்குள் அவனுக்கு அறிவு வரும், வாயும் வரும். சிறுநீர்த் தொற்று குழந்தைப் பருவத்திலேயே வருமே எனலாம், உண்மை. ஆனால், இயல்பான உடல்நலமுள்ள குழந்தைகளில் ஒரு தொற்றைத் தடுக்கச் சுமார் 111 பேருக்கு அறுவை தேவை என்று 2005இல் கணக்கிட்டனர். வந்த தொற்றுக்கோ மருந்து உண்டு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே 2012இல், தீமையினும் நன்மை மிகுதி என்று கூறியபோதும், எல்லாக் குழந்தைகட்கும் செய்க என்று பரிந்துரைக்கவில்லை. முடிவைப் பெற்றோரிடம் விட்டது. பெற்றோரிடம்! தோலுக்கு உரியவனோ, பேசத் தெரியாமல் பக்கத்திலே படுத்திருக்கிறான்.