புனிதராக்க அவசரமில்லை

எங்கள் பக்கம் செத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். முந்தின வாரம் வரை திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டு மாலையோடு வந்து நிற்பார்கள். இதில் கத்தோலிக்க வழிபாட்டு விதி கொஞ்சம் கறார். அடக்கப் பூசையில் மறையுரை இருக்கலாம், புகழுரை கூடாது என்கிறது. (எந்தச் சாமியார் அதைக் கேட்கிறார் என்பது வேறு விஷயம்.) புகழ்வதை விட்டுவிட்டு செத்தவருக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் ஆள் இன்னும் கரை சேரவில்லை என்று ஒப்புக்கொண்டால்தானே வேண்டிக்கொள்ள முடியும்?

புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா 387இல் ரோமுக்கு அருகே ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்தார். ஆப்பிரிக்காவில் கணவர் பக்கத்தில் தனக்கும் கல்லறை ஏற்பாடு செய்து வைத்திருந்தவர்தான். கடைசியில், உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொண்டால் போதும் என்றுவிட்டார். மகன் நினைத்தார். எப்படி? அம்மாவின் நற்செயல்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் பாவங்களுக்காக மன்றாடுகிறேன் என்று எழுதிவைத்தார். உலகம் பின்னாளில் புனிதவதியாகக் கொண்டாடிய ஒருத்தியைப் பற்றிப் பெற்ற பிள்ளை எழுதியது இது. அம்மாமேல் இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

என் அப்பா புனிதரில்லை. வரப்புத் தகராறில் சித்தப்பாவோடு பேச்சை நிறுத்தியவர், அவர் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. அதே மனிதர், தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நடுராத்திரியில் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதிப்பார். இவரை நேரே மோட்சத்துக்கு அனுப்பினால் பொய். நரகம் என்றால் அநியாயம். செத்த பிறகு பாவக்கறை கழுவிக்கொள்ள உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று இல்லாவிட்டால் அப்பாவை எங்கே வைப்பேன்?

1563இல் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் இதைப் பற்றி அறுதியிட்டது கொஞ்சம்தான். அப்படி ஒரு நிலை உண்டு. அங்குள்ள ஆன்மாக்களுக்கு நம் செபமும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூசையும் உதவும். நெருப்பு எப்படிப்பட்டது, எத்தனை வருடம் என்பதெல்லாம் பாட்டிமார் சேர்த்த சரக்கு. இதை வைத்துக் காசு பார்க்கக் கூடாது என்றும் அதே சங்கம் ஆயர்களை எச்சரித்தது. அந்த வியாபாரத்தை எதிர்த்து லூத்தர் கிளம்பி நாற்பத்தாறு வருடம் கழித்து!

புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ.யில் இருக்கும் என் அத்தான் கேட்பார்: “செத்தவருக்கு இனிமே நீ என்னடே பண்ண முடியும்?” 2007இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எழுதிய சுற்றுமடலில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. யாரும் தனியாக வாழ்வதில்லை, ஒருவர் வாழ்க்கை இன்னொருவருக்குள் புகுந்து கிடக்கிறது, சாவு அதை அறுப்பதில்லை என்கிறார். அத்தான் இதை ஏற்கமாட்டார். ஆனால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று எங்களோடு வந்து புல் செதுக்குவார், சுண்ணாம்பு அடிப்பார், காற்றில் அணையும் மெழுகுவர்த்தியைச் சிரட்டை வைத்து மறைப்பார். செபம் தொடங்கியதும் வெளியே போய் நின்றுகொள்வார்.

சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த வருடம் இரண்டு பேர் பெயரையும் ஒரே பூசைக் கருத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்தடுத்து வாசிப்பார்கள். அப்பாவுக்குப் பிடிக்காது. அதையும் கொஞ்சம் உத்தரிக்கட்டும்.