அறிவுக்கு வேலி வேண்டுமா?

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்குடாக் கரையை வாரிச் சென்றது. பிழைத்தோர்க்கு உணவு, உடை, கூரையோடு இன்னொன்றும் தேவைப்பட்டது: காணாமற்போனோர் எங்கே என்ற கேள்விக்கு விடை.

அந்நாட்களில் இலங்கையின் மென்பொருள் வல்லுநர் பலர் ஊதியம் கருதாது ஒன்றுகூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்யும் ‘சஹானா’வை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இத்தகையதையே கட்டற்ற மென்பொருள் என்கிறோம். 2005இல் பாகிஸ்தானிலும் 2010இல் ஹெயிட்டியிலும் நிலநடுக்கத்தின் பின் அது பயன்பட்டது.

நிவாரண அரிசி பகிரப் பகிரக் குறையும், நிரல் குறையாது. ஹெயிட்டிக்கு வழங்கியதால் இலங்கை எதையும் இழக்கவில்லை. குறையாத ஒன்றைப் பூட்டிவைப்பது எவ்வகையில் நியாயம்? உழைத்தவன் உண்ண வேண்டாமா என்று கேட்பர். உண்ணத்தான் வேண்டும். உழைப்புக்கு ஊதியம் கேட்பது நீதி; கட்டற்ற மென்பொருள் அதை மறுக்கவில்லை. ஒருமுறை செய்த வேலைக்கு ஒவ்வொரு படிக்கும் குத்தகை வாங்குவதும், உள்ளே பார்ப்பதையே குற்றமாக்குவதும் வேறு.

எனினும், பூட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. வாசிக்கத் தெரியாதவனுக்கு நூலகத்தின் திறந்த கதவால் பயன் யாது? கல்குடா மீனவரின் பிள்ளை அந்நிரலைப் படித்து, தன் மொழிக்கும் தன் ஊரின் தேவைக்கும் ஏற்பத் திருத்தும் நாளில்தான் அது மெய்யாகவே பொதுவுடைமையாகும். அதுவரை அதுவும் நமக்கு மற்றொரு நிவாரணப் பொதியே. அந்நாளை விரைந்து கொணர்வது ஆசிரியர்களாகிய நம் கடமை.