வறுமையின் வேர்



தீக நிகாயத்தில் உள்ள சக்கவத்தி சீகநாத சூத்திரத்தை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அதில் வரும் அரசன் ஒருவன் குடிகளுக்குக் காவல் அளித்தான். பொருளற்றோர்க்குப் பொருள் வழங்க மட்டும் தவறினான். வறுமை பெருகிற்று. வறுமையினின்று களவு பிறந்தது. பிடிபட்ட முதற் கள்வன், பிழைக்க வழியின்றித் திருடியதாகக் கூறவே, அரசன் இரங்கிப் பொருள் ஈந்தான். ஈகை நன்றே. ஆயினும் அது களவு நிகழ்ந்த பின்னர், திருடியவனுக்கு மட்டுமே கிடைத்தது. ஊரார் வேறென்ன கற்பர்? களவு மிகுந்தது. அரசன் தலையை வெட்டுவிக்கத் தொடங்கினான். கள்வரும் வாள் செய்துகொண்டனர். கொலையும் பொய்யும் தொடர்ந்தன. 80,000 ஆண்டுகளாக இருந்த மாந்தர் ஆயுள், அடுத்த தலைமுறையில் 40,000 ஆயிற்று.

ஈயாமையால் ஆயுள் குறையுமோ, இது வெறுங் கதையன்றோ என ஐயுறுவோர் நம்மிடையிலும் உண்டு. அவர்கள் செல்வத்தில் தலைசிறந்த அமெரிக்க ஐக்கிய நாட்டை நோக்குவாராக. வருமானத்தில் உச்சியிலுள்ள நூற்றில் ஒரு பங்கினரையும், அடியிலுள்ள நூற்றில் ஒரு பங்கினரையும் ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆடவருள் இவ்விரு சாராரின் ஆயுளுக்கு இடையே 14.6 ஆண்டும், பெண்டிருள் 10.1 ஆண்டும் வேறுபாடு இருந்தது.

அந்நாட்டில் தானியத்திற்குப் பஞ்சமில்லை. ஆயினும் 2023இல் அரசாங்கக் கணக்கின்படியே 3 கோடியே 68 லட்சம் பேர் வறியவர். 2024 ஜனவரியில் ஓரிரவு எண்ணியபோது வீடற்றோர் 7,70,000க்கு மேற்பட்டனர். மைய அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி 2009இல் மணிக்கு 7.25 டாலராயிற்று; அதன்பின் பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அது உயரவில்லை, வீட்டு வாடகையோ உயர்ந்துகொண்டே போயிற்று. ஆகவே வேலைக்குச் சென்றும் இரவில் காருக்குள் உறங்குவோர் அங்கு உண்டு. இன்சுலினை முழு அளவில் வாங்க இயலாமல் குறைத்துக்கொண்ட நோயாளரும் உண்டு. நோயினும் கொடிது நாணம். தன் தாய் பணம் கட்டவில்லை என்பது பள்ளி உணவுக்கூடத்தில் வெளிப்படும்போது ஒரு குழந்தை தலைகுனிகிறதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இவர்கள் சோம்பேறிகள் என்கின்றனர் அங்குள்ள பலர். நமக்கு இச்சொல் புதிதன்று. நம் முன்னோரிடம் இதனையே முன்வினை என்றனர். சொல் வேறாயினும் பயன் ஒன்றே: கொடுக்க வேண்டியவன் கைகழுவிக்கொள்வது. மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினையே என்னும் கொள்கையைப் பகவான் சீவகன் என்னும் பரிவிராஜகனிடம் மறுத்துரைத்துள்ளார். பித்தம், பருவம், பிறர் செய்யும் தாக்குதல் முதலிய காரணங்களையும் அவர் எடுத்துக் காட்டினார்.

காரணம் மனிதரால் ஆனதெனின், மாற்றுதலும் மனிதரால் ஆகும். 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை அமெரிக்க அரசு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திங்கள்தோறும் 300 டாலர் வரையிலும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 250 டாலர் வரையிலும் வழங்கியது. வருமானமே இல்லாத பெற்றோரும் இதனைப் பெற்றனர். அரசின் உதவிகளையும் சேர்த்து அளக்கும் கணக்கின்படி, 2020இல் நூற்றுக்கு 9.7 ஆக இருந்த குழந்தை வறுமை, இதனாலும் அவ்வாண்டின் பிற உதவிகளாலும் 2021இல் 5.2 ஆகக் குறைந்தது. சட்டமன்றம் அவ்வேற்பாட்டை நீட்டிக்கவில்லை. 2022இல் 12.4 ஆயிற்று. ஓராண்டிற்குள் பெற்றோர் யாவரும் சோம்பேறிகளாகிவிட்டனரா?

ஆளவி நகரில் நடந்ததை நினைவுகூர்வோம். காணாமற்போன எருதைத் தேடி அலைந்த ஏழை உழவன் ஒருவன், பசியோடு அவைக்கு வந்து சேர்ந்தான். பகவான் அறவுரையைத் தொடங்கவில்லை. எஞ்சிய உணவு உண்டா என வினவி, அவனை அமர்த்தி உண்பிக்கச் செய்தார். பிக்குகளுள் சிலர் முணுமுணுத்தனர். அவன் உண்டு முடித்து, மனம் தெளிந்து அமர்ந்த பின்னரே பகவான் தம்மத்தை உரைத்தார்.