படகிலிருப்போர் கருணையும் துறையிலிருப்போர் அச்சமும்

ஓர் உயிரைக் கொல்லாது, கண்ணால் மட்டும் கண்டு களித்து மீள்வது கருணையாகுமா? இவ்வினாவை ஆராய்வதற்கு ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்திலுள்ள பிதர்கனிகா தக்க இடமென நமக்குத் தோன்றுகிறது. பிராமணி, வைதரணி ஆறுகள் கடலை அடையுமிடத்தில் வளர்ந்துள்ள அலையாத்திக் காடு அது. மார்கழி, தை மாதங்களின் வைகறையில் அங்குள்ள கழிகளின்மீது மூடுபனி படிந்து கிடக்கும். காண வருவோர் விசைப்படகிலேறி, கம்பளி போர்த்துக் காத்திருப்பர். முதலில் மீன்கொத்தியின் கூவலும் மானின் குரலுமே வரும். பனி சற்று விலகவே, நீர் வற்றிய சேற்றுக்கரையில் மரக்கட்டைபோல் ஒன்று தோன்றும். அதுதான் உவர்நீர் முதலை. தன் உடலினுள் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணியாதலின், குளிர்காலத்தில் அது வெயில் காயக் கரையேறியே தீரவேண்டும். வனத்துறையினர் ஜனவரியில் முதலைகளைக் கணக்கெடுப்பதும் இதனாலேயே.

இக்காடு முன்பு கனிகா அரசரின் வேட்டைக்களம். வேட்டைக்கெனக் கட்டப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கிறது. துப்பாக்கி பிடித்தவன் நின்ற இடத்தில் இன்று தொலைநோக்கி பிடித்தவன் நிற்கிறான். தோலுக்காகக் கொல்லப்பட்டு, 1970-களின் நடுவில் நூற்றுக்கும் குறைந்துபோன முதலைகள், 1975-இல் தொடங்கிய திட்டத்தால் இன்று 1,700-க்கும் மேற்பட்டுள்ளன. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டதன் பயன் இது. நற்செயலே, ஐயமில்லை.

நிற்க. அதே வைகறையில், அதே பனியில், காட்டின் எல்லையிலுள்ள கிராமத்துப் பெண்ணொருத்தி பாத்திரம் துலக்கத் துறைக்கு வருகிறாள். அவளும் நீரைத்தான் உற்று நோக்குகிறாள். முதலை தோன்றாதா என்று படகிலிருப்பவன் நோக்க, தோன்றிவிடுமோ என்று அவள் நோக்குகிறாள். 2023-இல், ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில், அம்மாவட்டத்தில் ஆற்றில் இறங்கியோர் சிலர் முதலைக்கு இரையாயினர். வீட்டில் குழாய் உள்ளவனை முதலை பிடிப்பதில்லை!

கொல்லாமை என்னும் சீலம் நம் கையை நாமே தடுத்துக்கொள்வது. கருணையோ அதனினும் மேற்சென்று ஒரு விலையைக் கேட்கிறது. அவ்விலையை யார் கொடுக்கிறார் என்பதே ஈண்டு வினா. அதே ஒடிசாவின் தவுளியில் அசோகர் பொறித்த முதற் சாசனம் உயிர்ப்பலியை விலக்குகிறது. அதனோடு, அரசரின் சமையற்கூடத்தில் நாள்தோறும் கொல்லப்பட்ட எண்ணற்ற உயிர்கள் இரண்டு மயில்களாகவும் ஒரு மானாகவும் குறைக்கப்பட்டன என்றும், இனி அவையும் கொல்லப்படமாட்டா என்றும் கூறுகிறது. குடிகளுக்கு விதித்ததைத் தம் உணவுத்தட்டுக்கும் விதித்தார் அவ்வரசர். படகிலிருப்பவன் எதைக் குறைத்துக்கொண்டான்? கட்டணம் செலுத்தினான், பனியில் சற்று நடுங்கினான்.

அப்படியாயின் முதலைகளை அப்புறப்படுத்திவிடலாமே என்பாருமுளர். நாம் அதற்கு உடன்படோம். 1999-இல் வீசிய பெரும்புயலில், அலையாத்திக் காடு அகன்று நின்ற பகுதிகளுக்குப் பின்னிருந்த கிராமங்களில் உயிரிழப்புக் குறைவாயிருந்ததென ஆய்வாளர் பின்னர் கண்டனர். முதலைக்கு அஞ்சியே மரம் வெட்டுவோர் அக்காட்டினுள் நுழையத் தயங்குகின்றனர் என்றும் சொல்வர். ஆகவே அவ்விலங்கு அக்கிராமத்தாருக்கும் காவல்தான். ஆயினும், பலர் பிழைத்ததைக் காட்டி, துறையில் மகனை இழந்தவளின் கணக்கை நேர்செய்துவிட முடியுமா? பிறர் நன்மைக்காக இழப்பைச் சுமக்கும்படி எப்போதும் எவரிடம் சொல்லப்படுகிறது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

இறந்தவர் குடும்பத்துக்கு அரசு பொருளுதவி அளிக்கிறது. வனத்துறையினர் துறைகள் சிலவற்றில் வேலி அடைத்துள்ளனர். மூங்கில் வேலி நீரில் நெடுநாள் நில்லாது, இற்றுப்போகும். வேலியினும் மேலானது ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நன்னீர்க் குழாய். பனியில் முதலை காணச் செல்பவர், படகுக்காரரிடம் முதலையின் நீளத்தைக் கேட்பதோடு, அவர் ஊரில் எத்தனை துறைகளுக்கு வேலியுண்டு, எத்தனை வீடுகளுக்குத் தண்ணீர் வருகிறது என்றும் கேட்கட்டும். விடையை ஊர் திரும்பியதும் உரியவர்க்கு எழுதட்டும். தாம் படகுக்குச் செலவிட்ட அளவேனும் அத்துறைகளுக்கெனத் தரட்டும்.

மே முதல் ஜூலை முடிய முதலைகள் முட்டையிட்டுக் காக்கும் காலம். பெண் முதலை அப்போது மிகுந்த சினங்கொண்டிருக்கும். அம்மூன்று மாதங்களும் பூங்கா மூடப்பட்டிருப்பதால் காண்போர் படகுகள் வருவதில்லை. பாத்திரம் துலக்குவோர் வருகின்றனர்.