ஓசி வெளிச்சம்

"ஓசியிலதான் பாக்கலாம் ஆயா, வா" என்று என் மகள் என் அம்மாவைக் கூப்பிட்டாள். ஐப்பசி சதயத்துக்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் லைட்டு போட்டிருந்தார்கள். அது 2022. ராஜராஜன் பிறந்த நட்சத்திரத்தில் நடக்கும் அந்த விழாவை அரசு விழா என்று அறிவித்த வருஷம். 1037-ஆவது சதய விழா என்று ஊரெல்லாம் போஸ்டர். டிக்கெட் கிடையாது, சீட்டு கிடையாது. யாரும் வரலாம், யாரும் பார்க்கலாம். அன்றைக்கு மழையும் வெறித்திருந்தது.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. நட்டு, களை பறித்து, அறுத்துக் கூன் விழுந்த முதுகு. கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போனோம். அகழிக்கு இந்தப் பக்கமே அம்மா நின்னுடுச்சு. "நீங்க உள்ள போயிட்டு வாங்க. நான் இங்கேருந்தே பாத்துக்கிறேன். நல்லாத்தான் தெரியுது."

தெரியத்தான் செய்தது. 216 அடி விமானம் முழுக்கப் பொன் நிறமாக நின்றது. அகழிக்கு அந்தப் பக்கம் இருப்பது கல் என்றே நம்ப முடியவில்லை. அம்மா ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு கேட்டது: "இம்புட்டு வெளிச்சத்துக்கும் காசு யாருடா குடுத்தா?"

இந்தக் கேள்வியை அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன். இலவசம் என்று ஒன்று உண்டா? நம்மை வெளியே நிறுத்தியவர்கள் ஏற்றிய விளக்கின் அழகை நாம் ரசிக்கலாமா? ரசித்தால் அது மறதியா? ரசிக்காவிட்டால் அது நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் தடையா?

*

முதலில் அம்மாவின் கேள்விக்குக் கணக்குச் சொல்வோம். கணக்கு அந்தக் கோயில் சுவரிலேயே இருக்கிறது. 1010-ல் கட்டி முடித்த கோயிலில் விளக்கு எரிய ஆடுகளை விட்டார்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும். அதனால் அவற்றுக்குச் சாவும் இல்லை மூப்பும் இல்லை என்று கல்வெட்டு மொழியில் பெயர். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த இடையர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. கோயிலில் ஆடுவதற்குக் கொண்டுவந்து குடியேற்றிய 400 பெண்களின் பெயரும், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. விளக்கு ஒருநாளும் ஓசியில் எரியவில்லை. சோழ நாட்டு ஊர்களின் நெல் எரிந்தது, இடையன் உழைப்பு எரிந்தது.

அதே சுவரில், கோயிலுக்கு விட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்ற பட்டியலில், குளத்தோடும் வாய்க்காலோடும் சுடுகாட்டோடும் சேர்த்து 'பறைச்சேரி' வருகிறது. 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சேரி என்று தனியாக அளந்து எழுத வேண்டியிருந்தது. ஆட்டுக்கு எண்ணிக்கை உண்டு, இடையனுக்குப் பெயர் உண்டு. அந்தப் பட்டியலில் சேரிக்கு இடம் மட்டும்தான் உண்டு, ஆள் இல்லை. மின்சார விளக்கு எவ்வளவு போட்டாலும் அந்த எழுத்துகள் படிக்கிற அளவுக்கு யாரும் வெளிச்சம் போடுவதில்லை.

*

சாதி எல்லாவற்றுக்கும் எல்லை போட்டது. தொட்டால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு, குளத்துத் தண்ணீரில் தீட்டு. வெளிச்சத்துக்கு மட்டும் தீட்டுக் கற்பிக்க அதனால் முடியவில்லை. ஊர்த் தெரு விளக்கின் வெளிச்சம் பள்ளத்தில் இருக்கிறவன் மேலும் விழத்தான் செய்யும். அதனால் வெளிச்சத்தைத் தடுக்காமல் ஆளை இருட்டில் குடிவைத்தார்கள்.

அம்மா சொல்லும்: களத்துல ராத்திரி கூலி அளப்பாங்க. பெட்ரோமாக்ஸ் லைட்டு காரியக்காரர் பக்கத்துல இருக்கும். நாங்க அந்தாண்ட இருட்டுல நிப்போம். மரக்கால்ல தலை தட்டி அளக்குறாங்களா, கொறச்சு அளக்குறாங்களான்னு கண்ணுக்குத் தெரியாது. "போதுமாடி?"ன்னு கேட்டா "போதும் ஆண்டே"ன்னு முந்தானையை ஏந்தணும். வெளிச்சம் அவங்களுது. நெல்லு நாங்க அறுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருட்டு எங்களுக்கு எதிரியாக மட்டும் இருந்ததில்லை. பண்ணையாள் என்றால் சாட்டையடியும் சாணிப்பாலும் என்றிருந்த காலத்தில், செங்கொடிச் சங்கத்துக் கூட்டங்கள் இருட்டிய பிறகுதான் கூடின. பகலில் ஆண்டைக்கு முன்னால் குனிந்த முதுகு ராத்திரியில் நிமிர்ந்தது. வெளிச்சம் என்றால் அறிவு, இருட்டு என்றால் அறியாமை என்று தத்துவம் எழுதுகிறவர்கள் யாரும் சேரியில் இருந்து எழுதியதாகத் தெரியவில்லை. பார்க்கப்படுவதே ஆபத்தாக இருந்தவனுக்கு வெளிச்சம் வேறு ஒன்று.

அம்மாவுக்குப் பதினெட்டு வயசில் ஒரு வெளிச்சம் வந்தது. 1968 டிசம்பர் 25, மார்கழி ராத்திரி. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். அதிகமும் பெண்கள், குழந்தைகள். சண்டை கூலி நெல்லுக்காக, சங்கக் கொடிக்காக. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை செய்தது. அவ்வளவு பெரிய பணக்காரர்கள் தாங்களே நேரில் போய் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம். அன்றைக்கு ஊருக்கு ஊர் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்திருக்கும். சேதி வந்த நாளிலிருந்து ரொம்ப காலத்துக்கு, ராத்திரி தூரத்தில் எங்கே வெளிச்சம் தெரிந்தாலும் எங்கள் தெருவில் பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு எழுந்துவிடுவார்களாம். வைக்கோல் போரா, கூரையா என்று நிச்சயமாகிற வரைக்கும் யாரும் படுக்க மாட்டார்கள்.

பெரிய கோயில் வெளிச்சத்துக்கு முன்னால் அம்மா நின்ற நிற்பில் இவ்வளவும் இருந்தது.

*

இதை ஒரு தோழரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டார். "அவன் கோயில், அவன் ராஜா, அவன் லைட்டு. நீ எதுக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு அங்க போன? வேடிக்கை பாக்குறதே ஒத்துக்கிறதுதான்." இதில் நியாயம் இல்லாமல் இல்லை. விழா என்பது அதிகாரம் தன்னை அலங்கரித்துக்கொள்வது. பார்க்கிறவன் வாயைப் பிளந்தால்தான் அலங்காரம் முழுமையாகும். இலவசம் என்று சொல்லும்போதே நன்றியை எதிர்பார்க்கிறார்கள். குடிசைக்கு ஒரு விளக்கு என்று அரசு கொடுத்த ஒற்றைக் குண்டு பல்பை ஓசி கரண்டு என்று ஊர்த் தெருவில் கேலி பேசினார்கள். அவர்களுடைய பம்புசெட்டுக்கு வந்த இலவச மின்சாரத்தின் பெயர் விவசாயி உரிமை. ஒரே கம்பியில் வருகிற மின்சாரம் சாதிக்கு ஒரு பெயர் வாங்கிக்கொள்கிறது.

ஆனால் தோழர் சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. அந்த அழகை 'அவனுடையது' என்று நாமே எழுதிக்கொடுத்துவிட்டால், கல் சுமந்தவனும் நெல் விளைவித்தவனும் மறுபடி ஒரு தடவை பட்டியலிலிருந்து விழுகிறான். புறக்கணிப்பு ஓர் ஆயுதம்தான். ஆனால் ஒரு பிள்ளையின் கண்ணைப் பொத்துவதற்கு அந்த ஆயுதத்தை எடுக்கலாமா? என் மகள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எந்த ராஜாவுக்கும் கடன்பட்ட சிரிப்பு இல்லை. அதே சமயம், அவள் எதுவும் தெரியாமலே சிரித்துவிட்டு வந்தாள் என்றால் அது என் தப்பு.

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. பார்க்கலாம், கணக்கோடு பார்க்க வேண்டும். ரசிப்பதும் கணக்குக் கேட்பதும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை. அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் செய்தது. 'நல்லாத்தான் தெரியுது' என்றது. 'காசு யாரு குடுத்தா' என்றும் கேட்டது. நாங்கள் படித்தவர்கள்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் திணறுகிறோம்.

*

திரும்பும்போது அம்மாவிடம் கேட்டேன். "1939-லேயே நம்மள உள்ள விட்டாச்சு. அரண்மனைக் கோயில் எல்லாத்தையும் தெறந்து விட்டாங்க. இப்ப யாரும் தடுக்கல. ஏன் வரல?"

"தெறந்து விட்டாங்கன்னுதான சொல்ற? அவன் தெறந்தா நான் போவணுமா? பாக்குறதுக்கு யாரும் தெறக்க வேணாம்ல."

கொஞ்ச தூரம் போனதும் மகள் ராஜராஜன் சிலையைக் காட்டினாள். 1972-ல் அதைக் கோயிலுக்குள் வைக்கத் தொல்லியல் துறை அனுமதிக்காததால் வெளியே வைத்தார்கள் என்று சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட, கட்டுனவனையும் வெளியதான் நிப்பாட்டி வச்சிருக்காங்களா?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

கடைசி பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தோம். ஊர்த் தெரு வரைக்கும் விளக்கு எரிந்தது. எங்கள் தெரு முனைக் கம்பத்தில் பல்பு போய் ரொம்ப நாளாயிற்று. மகள் செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தாளடி நட்ட வயலில் தவளைச் சத்தம். அம்மா அந்தச் சின்ன வெளிச்சத்தில் கால் வைத்து வந்தபடியே சொன்னது: "நாளைக்கு எழுதிக் குடு பாப்பா. பஞ்சாயத்துல கேப்போம். இதுவும் ஓசிதான?"

மறுநாள் மகள் மனு எழுதினாள். கீழே ஆயாவின் கைநாட்டு.