சுவை வேறுபாடும் புலனடக்கமும்

சென்ற கார்த்திகைத் திங்களில் நந்தீசுவர பூசை நிறைவுற்ற நாளன்று, ஜினாலய மண்டபத்தில் பெண்கள் சிலர் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தோம். சென்னையில் பணிபுரியும் இளந்தாய் ஒருவர் எம் அருகில் வந்தமர்ந்து, தயக்கத்துடன் ஒரு வினாவை எழுப்பினார்.

“டீச்சரம்மா, எங்கள் வீட்டில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, கிழங்கு எதுவும் இல்லை. பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கிறோம். இவற்றை நான் மனமுவந்தே செய்கிறேன். ஆனால், நாளும் ஒரே சாம்பார், ஒரே பொரியல் என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். புதிதாக ஏதேனும் செய்தால், ‘பிள்ளைகளை நாக்குக்கு அடிமையாக வளர்க்கிறாய்’ என்கிறார் என் மாமியார். நான் செய்வது சரியா, தவறா?”

அருகிலிருந்த மூதாட்டி ஒருவர், “மாமியார் சொல்வதுதான் சரி” என்று உடனே தீர்ப்பு வழங்கிவிட்டார். யாம் அவ்வாறு உடனே விடை கூற இயலவில்லை. பல நாள் எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

மாமியாரின் பக்கத்து நியாயம்

மாமியாரின் கூற்றை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. நம் ஆகமங்கள் கூறும் புறத்தவங்கள் ஆறு. அவற்றுள் உண்ணா நோன்பாகிய அனசனம், வயிறு நிரம்ப உண்ணாமையாகிய அவமோதரியம், உணவு ஏற்பதற்கு வரையறை வகுத்துக்கொள்ளும் விருத்தி பரிசங்கியானம், சுவை துறத்தலாகிய இரச பரித்தியாகம் என்னும் நான்கும் உணவைப் பற்றியனவே. ஆறில் நான்கு உணவைப் பற்றியது என்றால், நாவை வெல்லுதல் எத்துணை அரிது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பது விளங்கும். பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என்னும் ஆறனுள் ஒன்றையோ பலவற்றையோ விடுதலே இரச பரித்தியாகம்.

இது முனிவர்க்கு மட்டும் உரியதன்று. இல்லறத்தார்க்கும் போகோபபோக பரிமாணம் என்னும் விரதம் உண்டு. துய்க்கும் பொருள்களுக்கு அளவு வகுத்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். சமந்தபத்திர சுவாமிகள் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச் செப்பும் இதனை விரித்துரைக்கின்றன. பெறும் பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ள பொருள்களை விட்டுவிட வேண்டும் என்பதே சமந்தபத்திரர் காட்டும் அளவுகோல். பச்சை இஞ்சியும் முள்ளங்கியும் அவர் விலக்கும் பட்டியலில் இடம்பெறுவது இக்காரணத்தாலேயே.

ஆகவே, “சுவை வேண்டும்” என்ற குரல் எழும்போது மூத்தோர் அஞ்சுவதில் பொருள் உண்டு. இன்று சுவை கேட்கும் நாக்கு நாளை விலக்கப்பட்டதையும் கேட்கும் என்பது அவர்தம் அச்சம்.

எம் இல்லத்தில் நிகழ்ந்த பிழை

இதே அச்சம் எமக்கும் இருந்தது. யாம் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், மாலை வீடு திரும்பியதும் கதிரவன் மறைவதற்குள் சமைத்துப் பரிமாறியாக வேண்டும். கூரைமேல் படர்ந்த சுரைக்கொடி தாராளமாகக் காய்த்தது. எனவே, வாரத்தில் நான்கு நாள் சுரைக்காய்தான். ஒன்பதாம் வகுப்புப் படித்த எம் மகன் ஒரு மாலை, “இன்றும் சுரைக்காயா அம்மா?” என்றான். யாம் சினந்து, “முனிவர்கள் கையில் இட்டதை உண்கிறார்கள்; உனக்கு வகை வகையாக வேண்டுமோ?” என்று கடிந்தோம். அவன் மறுமொழி கூறாது உண்டு எழுந்தான். அதன்பின் ஒருபோதும் அவன் உணவைக் குறை கூறியதில்லை. பிள்ளை புலனடக்கம் பயின்றுவிட்டான் என்று யாம் பெருமையும் கொண்டோம்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒருநாள் அவனே சொன்னான். கல்லூரி விடுதிக்குச் சென்ற முதல் வாரத்திலேயே இரவில் உண்டதாகவும், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகிய அனைத்தையும் உண்டதாகவும் கூறினான். “தவறு என்றே தோன்றவில்லை அம்மா. இனிச் சுரைக்காய் இல்லை என்றுதான் தோன்றியது” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுக்கு யாம் அறத்தைக் கற்பிக்கவில்லை, அலுப்பையே கற்பித்திருந்தோம். அறத்தோடு அலுப்பையும் சேர்த்து ஒரே தட்டில் இட்டோம். அலுப்பை விட்டபோது அவன் இரண்டையும் ஒருங்கே விட்டுவிட்டான்.

துறப்பவர் யார்?

எம் பிழை எங்கே என்று ஆராய்ந்தால், துறவு யாருடையது என்னும் வினாவை யாம் கேட்கத் தவறியதே பிழை என்று தெரிகிறது. முனிவர் உப்பை விடுகிறார் என்றால், தாமே எண்ணித் தாமே விடுகிறார். அதனால்தான் அது தவம் ஆகிறது. அவருக்கு ஆகார தானம் அளிக்கும் இல்லறத்தார், “இவரோ துறவி, எப்படிச் சமைத்தால் என்ன?” என்று இருப்பதில்லை. நீரை வடிகட்டி, தானியத்தைக் கல் நீக்கிப் புடைத்து, காயை ஆய்ந்து, உள்ளத் தூய்மையோடு நல்லுணவையே சமைக்கின்றனர். விடுவது ஏற்பவர் கடமை. நன்கு சமைப்பது அளிப்பவர் கடமை. ஏற்பவரின் தவத்தை அளிப்பவர் தம் சோம்பலுக்குப் போர்வையாக்கிக்கொள்ளல் ஆகாது.

யாம் செய்தது அதுவே. எமக்கு நேரம் இல்லை. புதிது எண்ண ஊக்கமும் இல்லை. அதை ஒளிவின்றிச் சொல்லியிருந்தால் மகன் புரிந்துகொண்டிருப்பான். மாறாக, முனிவர் பெருமக்களைத் துணைக்கு அழைத்தோம்.

கண்ணகியின் அடுக்களை

சிலப்பதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. மதுரையில் மாதரி இல்லத்தில் கோவலனும் கண்ணகியும் தங்குகின்றனர். கோவலன் சாவக நோன்பினன் என்பதை அறிந்த மாதரி, பகற்பொழுதிலேயே அவன் உண்ணுமாறு சமைக்க வேண்டியவற்றைக் கண்ணகிக்கு அளிக்கச் செய்கிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால் என்று அப்பட்டியல் நீள்கிறது. இளங்கோவடிகள் தந்த இப்பட்டியலை ஊன்றி நோக்க வேண்டும். ஒரு கிழங்குகூட அதில் இல்லை. வேரோடு பிடுங்கியது எதுவும் இல்லை. ஆயினும் வறுமையும் இல்லை. ஓர் ஆயர்குடி இல்லத்தில் ஒரே வேளைக்கு இத்தனை வகை. விரதம் காக்கும் உணவு சுவையற்ற உணவாக இருத்தல் வேண்டும் என்று அக்காலத்தவர் எண்ணவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அக்காட்சியில் மற்றொன்றும் உண்டு. காய்களை அரிந்த கண்ணகியின் விரல்கள் சிவந்தன, அடுப்பின் வெம்மையால் முகம் வியர்த்தது, கண்கள் சிவந்தன. சுவைக்கு ஒரு விலை உண்டென்பதையும், அதைச் செலுத்துபவர் யார் என்பதையும் அடிகள் மறைக்கவில்லை. இதனைப் பின்னர்க் காண்போம்.

இருவகை வேறுபாடு

சுவை வேறுபாட்டை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, பொருளைப் பெருக்குவதால் வருவது. மற்றொன்று, அறிவைப் பெருக்குவதால் வருவது.

கடையில் புதிய பொட்டலங்களை வாங்கிக் குவிப்பதும், பருவமல்லாத காயைத் தேடுவதும், ஒரு வேளைக்குப் பத்து வகை படைத்து ஐந்தை வீணாக்குவதும் முதல் வகை. இதில் பற்றும் வளர்கிறது, உயிர்க்கேடும் வளர்கிறது. நம் இல்லங்களில் மாவுக்கும் காலவரையறை உண்டு. மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்பது மூத்தோர் வகுத்த எல்லை. பல திங்கள் கட்டிவைத்த பொடிகளால் பெறும் சுவையை இவ்வரையறையோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாம் வகையில் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டுவதில்லை. வாழை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காய் பொரியலாகும், பூ பருப்புசிலியாகும், தாரை அறுத்தபின் வெட்டப்படும் மரத்தின் தண்டு கூட்டாகும். பீர்க்கங்காயின் சதை கூட்டுக்கு ஆனால், நாம் எறியும் தோல் துவையலுக்கு ஆகும். வெங்காயம் இல்லாத குறையைச் சீரகமும் மிளகும் வறுத்தரைத்த தேங்காயும் தீர்க்கும். வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து நிலங்களில் விளையும் மணிலாவை வறுத்துப் பொடித்துத் தூவினால் எளிய அவரைக்காய்ப் பொரியலும் வேறொன்றாகும்.

ஆசிரியர்க்குரிய பழக்கத்தால் ஒரு கணக்கும் இடுகிறோம். சுரை, புடலை, அவரை, வெண்டை, பூசணி எனக் காய் ஐந்து. துவரை, பாசிப்பயறு, காராமணி, மொச்சை எனப் பருப்பு நான்கு. புளி, எலுமிச்சை, மாங்காய் எனப் புளிப்பு மூன்று. ஐந்தை நான்கால் பெருக்கி, மூன்றாலும் பெருக்கினால் 60 வரும். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தா எனினும், பாதி பொருந்தினாலே ஒரு திங்களுக்கு ஒருநாள் குழம்பு மறுநாள் வாராது. எம் கூரைமேல் சுரைக்காய் குறையவில்லை, இக்கணக்கே குறைந்திருந்தது.

உடல்நலத்திற்கும் இதுவே ஏற்றது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட 17 உணவு நெறிகளில் முதலாவதே, பலவகை உணவை உண்ண வேண்டும் என்பதுதான். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் நிறைய உண்டு. எனவே இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராமை ஒட்டியே இருக்க, அதே அளவு கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் பாட்டிமார் கேழ்வரகையும் கம்பையும் சாமையையும் எந்த ஆண்டும் மறந்தவரல்லர். இடையில் மறந்தவர் நாமே.

கிழங்கையும் கீரையின் ஒரு பகுதியையும் விலக்கி வாழும் நமக்கு, எஞ்சியவற்றை மாற்றி மாற்றி உண்ணுதல் பிறரைவிட இன்றியமையாதது. சாதுர்மாசத்தில் பூச்சியுயிர்கள் மிகுதலின் கீரையை விடும் இல்லங்களில், அந்நான்கு திங்களும் தானியத்திலும் பருப்பிலும் கூடுதல் கருத்துச் செலுத்த வேண்டும். விரதம் காக்கும் இல்லத்துப் பிள்ளை மெலிந்திருந்தால், உலகம் குறை கூறுவது தாயை மட்டுமன்று, விரதத்தையும்தான்.

யாருடைய விரல்கள்?

இனி, கண்ணகியின் சிவந்த விரல்களுக்கு வருவோம். வாழைப்பூவை ஆய்ந்து கள்ளன் நீக்குவதற்கு அரைமணி நேரம் ஆகும். அலுவலகம் சென்று திரும்பி, இருள்வதற்குள் சமைக்கும் ஒரு பெண்ணிடம், “நாளும் புதிது செய்” என்று கூறுவோமாயின், பிள்ளையின் நாவைக் காக்கத் தாயின் உடலை வருத்துகிறோம். அஹிம்சை என்பது எறும்பையும் புழுவையும் மட்டும் எண்ணுவதன்று. அடுப்பின் முன் நிற்பவரையும் எண்ணுவதாகும்.

எனவே யாம் கூறுவது ஒன்றே. வேறுபாடு வேண்டுவோர் அனைவரும் அதில் கைகொடுத்தல் வேண்டும். முதல்நாள் பகலிலேயே கணவர் காய் ஆய்ந்து தரலாம். பிள்ளைகள் மொச்சை உரிக்கலாம். காய் உரித்த பிள்ளை அதை எளிதில் தள்ளிவிடுவதில்லை என்பது எம் பட்டறிவு. ஆசிரியர் பயிற்சியில் எமக்குக் கற்பித்த முதல் நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. அடுக்களைக்கும் அது பொருந்தும். ஐந்து புதுவகை வேண்டா. நாளும் பழகிய உணவில் ஒன்றை மட்டும் மாற்றுக. பருப்பையோ புளிப்பையோ தாளிப்பையோ மாற்றினால் போதும்.

விடுதலிலும் சுவை உண்டு

முடிவாக ஒன்று. வடநாட்டுத் திகம்பரக் குடும்பங்களிற் சிலர் கிழமைக்கு ஒரு சுவையை விடுகின்றனர். ஞாயிறன்று உப்பை விடுதல் அவற்றுள் ஒன்று. இவ்வழக்கத்தை எண்ணிப் பார்த்தபோது ஓர் உண்மை விளங்கிற்று. ஞாயிறன்று உப்பை விட்டவர்க்குத் திங்கட்கிழமை இட்ட எளிய பருப்புச் சோறே புதுச்சுவை ஆகிறது. அடக்கமும் வேறுபாடும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தாமே விரும்பி ஒன்றை விடப் பழகியவர், எஞ்சியவற்றின் சுவையை முன்னினும் நன்கு அறிகின்றனர். ஆனால், அவ்விடுதல் தட்டின் முன் அமர்ந்தவரால் நிகழ வேண்டும், பரிமாறுபவரால் அன்று.

இதையே அவ்விளந்தாய்க்குக் கடிதமாக எழுதினோம். “நீ அன்போடு மாற்றிச் சமைப்பது பற்றன்று, பொறுப்பு. அளவோடும் வீணின்றியும் செய்க. திங்களில் ஒருநாள், அட்டமியிலோ சதுர்த்தசியிலோ, இன்று எதை விடலாம் என்று பிள்ளைகளையே கேள். அவர்கள் விடுவது சிறிதாக இருப்பினும் அவர்களுடையதாக இருக்கட்டும். உன் மாமியாரின் அச்சமும் பொய்யன்று; அவரிடமே பழைய சமையல் முறைகளைக் கேட்டறிந்துகொள். அவர் அறிந்தவற்றுள் பாதியை நீயும் யாமும் மறந்திருப்போம்.”

இரண்டு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. மாமியார் தம் இளமையில் உண்ட சாமைப் பொங்கலைத் தாமே கிண்டிக் காட்டினாராம். இளைய பேரன் சதுர்த்தசியன்று வெல்லத்தை விட்டானாம். மறுநாள் காலையில் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்கித் தின்றானாம். யாம் மகிழ்ந்தோம். எம் மகனுக்கு இப்போது அவன் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கோடை விடுமுறைக்கு வருகையில் சுரைக்காயை வேறுவிதமாகச் சமைத்துப் பரிமாற எண்ணியுள்ளோம்.